மாத்திரையில் சுருங்கும் பிட்யூட்டரி கட்டி

கேள்வி: வயது 28. ஆறு மாதமாக மாதவிலக்கு இல்லை, மார்பில் பால் கசிகிறது. புரோலாக்டின் 142. எம்ஆர்ஐயில் பிட்யூட்டரியில் 7 மி.மீ. கட்டி என்கிறார்கள். ஆபரேஷன் வேண்டாம், வாரம் இரண்டு நாள் காபர்கோலின் மாத்திரை போதும் என்கிறார் டாக்டர். மாத்திரையில் கட்டி எப்படிக் குறையும்? கர்ப்பமானால் வளர்ந்துவிடாதா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: டாக்டர் சொன்னது சரிதான், சகோதரி. இது புற்றுநோய் இல்லை. 10 மி.மீ.க்குள் இருக்கும் இந்த வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை வருஷக்கணக்கில் பெரிதாக வளர்வதில்லை.

பிட்யூட்டரி என்பது மூளையின் அடியில் இருக்கும் சுரப்பி. அதில் பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினைத் தரும் செல்களைத் தடுக்க ஆளில்லை என்றால் சுரந்துகொண்டே இருக்கும். மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸிலிருந்து வரும் டோபமைன் என்ற வேதிப்பொருள்தான் அவற்றுக்கு மதகுப் பலகை. செல்லின் மேல் டோபமைன் ஒட்டும் இடமான டி2 ஏற்பியில் அது ஒட்டியதும், உள்ளே செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியின் அளவு இறங்குகிறது. சுரப்பு குறைகிறது, செல் பிரிவதும் மட்டுப்படுகிறது. காபர்கோலின் அதே ஏற்பியில் நாள்கணக்கில் ஒட்டியிருப்பதால் வாரம் இரண்டு முறை போதும். செல்கள் சுருங்கச் சுருங்கக் கட்டியும் சிறுக்கும்.

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இதற்கு நேர் எதிர். அது இந்தச் செல்களைப் பிரியத் தூண்டுகிறது. எலிகளில் பார்த்தபோது அது தனியாக வேலை செய்யவில்லை: செல்களை அடக்கி வைக்கும் டிஜிஎஃப் பீட்டா-1 என்ற புரதத்தைக் குறைத்து, அதே குடும்பத்து பீட்டா-3ஐக் கூட்டுகிறது. பீட்டா-3 பக்கத்துச் செல்களிலிருந்து எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியை வெளியேற்ற, அது புரோலாக்டின் செல்களை மேலும் பிரியவைக்கிறது. கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்குமே பிட்யூட்டரி பெருப்பது ஈஸ்ட்ரோஜனால்தான். ஆனாலும் உங்களுடையது போன்ற சிறிய கட்டி கர்ப்பத்தில் தொல்லை தரும் அளவுக்கு வளர்வது 100 பேரில் 2, 3 பேருக்குத்தான். 10 மி.மீ.க்கு மேலானால் நிலைமை வேறு, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வளரலாம். கர்ப்பம் உறுதியானதும் பொதுவாக மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். அதன்பின் புரோலாக்டின் பார்ப்பதில் பயனில்லை, கர்ப்பத்தில் அது எப்படியும் ஏறும். விடாத தலைவலியோ பக்கவாட்டுப் பார்வை மங்கலோ வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்த டெஸ்ட் பார்த்தாயிற்றா? தைராய்டு மிகவும் குறைந்தால் அதைத் தூண்ட ஹைப்போதலாமஸ் அனுப்பும் டிஆர்ஹெச் ஹார்மோன் ஏறி, புரோலாக்டின் செல்களையும் சேர்த்துத் தூண்டும். பிட்யூட்டரி வீங்கி ஸ்கேனில் கட்டி போலவே தெரியும். அதற்குத் தைராக்ஸின் மாத்திரை போதும். கத்தி வைத்தால் நல்ல சுரப்பி போய்விடும். வாந்திக்கான டோம்பெரிடோனும் சில மனநல மாத்திரைகளும் டோபமைனைத் தடுத்துப் புரோலாக்டினை ஏற்றும். சாப்பிட்டிருந்தால் சொல்லுங்கள், மனநல மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த டெஸ்ட்டுக்கு, தஞ்சாவூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகத்தில் கையை நீட்ட வேண்டாம். பதற்றத்திலேயே அளவு ஏறும். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ரத்தம் கொடுங்கள்.

பெரும்பாலும் 0.25 மி.கி.யில் தொடங்குவார்கள். இரவுச் சாப்பாட்டோடு போட்டால் குமட்டல் குறையும். படுக்கையிலிருந்து சட்டென்று எழ வேண்டாம், தலை சுற்றும். மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கரு தங்கலாம். இப்போது குழந்தை வேண்டாம் என்றால் ஆணுறை அவசியம்.

கேள்வி: அண்ணனுக்கு மோதிரம் கழலவில்லை, செருப்பு அளவு 8லிருந்து 10 ஆகிவிட்டது. டாக்டர் ஐஜிஎஃப்-1 எடுக்கச் சொல்கிறார். வளர்ச்சி ஹார்மோனையே நேராகப் பார்த்தால் என்ன?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: பிட்யூட்டரியில் வளர்ச்சி ஹார்மோனை அதிகம் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்றுதான் டாக்டர் பார்க்கிறார். வளர்ச்சி ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பது. ஒரு மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும். ஒற்றை அளவை நம்ப முடியாது. அதன் தூண்டுதலில் கல்லீரல் சுரக்கும் ஐஜிஎஃப்-1 நாள் முழுக்க நிலையாக இருக்கும். அது கூடுதலாக இருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து 2 மணி நேரம் வளர்ச்சி ஹார்மோனைப் பார்ப்பார்கள். நல்ல உடம்பில் அது 1 நானோகிராமுக்குக் கீழே இறங்கிவிடும். இறங்காவிட்டால் எம்ஆர்ஐ. இந்த வகைக் கட்டிக்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் மூக்கு வழி ஆபரேஷன்தான், மிச்சமிருந்தால் 28 நாளுக்கு ஒரு ஆக்ட்ரியோடைடு ஊசி. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தாலோ கல்லீரல் கெட்டிருந்தாலோ ஐஜிஎஃப்-1 பொய்யாகக் குறைந்து காட்டும். சர்க்கரை, கல்லீரல் டெஸ்ட் இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.