பட்டாளத்துத் தாத்தாவைத் தேட: பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

கேள்வி: என் அம்மாவின் அப்பா இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்தில் இருந்தார். பர்மா போனார், 1946-ல் ஊர் திரும்பினார், பென்ஷன் வாங்கியதில்லை. பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர். எங்களிடம் இருப்பது சீருடையில் ஒரு போட்டோவும் நட்சத்திர வடிவில் ஒரு மெடலும்தான். இணையத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் எதுவும் வரவில்லை. அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எங்கே பணியாற்றினார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் இணையத்தில் பெயரைத் தேடுவது அந்த வழி அல்ல. அந்தப் போரில் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். உயிரோடு ஊர் திரும்பிய சிப்பாய்கள் எல்லோருடைய பெயரும் அடங்கிய பட்டியல் எதுவும் இணையத்தில் கிடையாது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் பணிக்குறிப்பு கிடைப்பது பெரும்பாலும் அதிகாரிகளுக்குத்தான். சிப்பாய், நாயக், ஹவில்தார் ஆகியோரின் காகிதங்கள் அவரவர் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸில் இருந்தன. இன்றும் மிச்சம் இருந்தால் அங்கேதான் இருக்கும். அதனால் தாத்தாவின் முழு விவரத்தையும் எடுத்துத் தருகிறோம் என்று பணம் கேட்கும் இணையதளங்களுக்கு ஒரு பைசா கூடக் கட்டாதீர்கள்.

ரெக்கார்ட் ஆபீஸ் உங்களிடம் முதலில் கேட்பது ராணுவ எண்ணும் படைப்பிரிவும். இரண்டும் சேர்ந்தே வேண்டும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் தனித்தனியாக எண் கொடுத்தது. ஆகவே வெறும் எண்ணை வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. வெறும் பெயரோ அதைவிட மோசம். நம்மூர் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. முனுசாமி என்று ஒருவர் சொன்னதை எழுத்தர் ஆங்கிலத்தில் முனிஸ்வாமி, மூனுசாமி, முனிசாமி என்று எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பார். ஒரே ரெஜிமென்ட்டில் அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, பழைய மாவட்டம் ஆகியவைதான். மாவட்டத்தை அன்றைய பெயரிலேயே எழுதுங்கள். உங்கள் ஊர் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கலாம். அவர் சேர்ந்தபோது பதிவானது வட ஆற்காடு.

எண்ணை வீட்டிலேயே தேடுங்கள், வீடு என்றால் உங்கள் வீடு மட்டும் அல்ல. பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த, எண் எழுதிய டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட் மூத்த மகன் வீட்டுப் பெட்டியில்தான் பெரும்பாலும் கிடக்கும். பெரிய மாமாவின் பிள்ளைகளிடம் கேளுங்கள். நிலப் பத்திரங்களோடு சேர்த்துக் கட்டி வைத்திருப்பார்கள். முன்னாள் ராணுவத்தினர் என்ற முறையில் அரசு நிலம் ஒதுக்கியிருந்தால் அந்த உத்தரவில் எண்ணும் படைப்பிரிவும் இருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு இடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பென்ஷனுக்கு 15 ஆண்டு பணி வேண்டும். போர் முடிந்ததும் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அது இல்லை. அப்படிப்பட்ட இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு பின்னாளில் மாத உதவித்தொகை கொடுத்தது. உங்கள் பாட்டி அதற்கு விண்ணப்பித்திருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அவர் பெயரில் ஒரு கோப்பு திறக்கப்பட்டிருக்கும். அதில் தாத்தாவின் எண் இல்லாமல் இருக்காது. நேரில் போய்க் கேளுங்கள். பாட்டியின் பெயர், கிராமம், உத்தேச ஆண்டு ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

இனி உங்களிடம் இருக்கும் மெடல். ஆறு முனை நட்சத்திரம், நடுவில் கிரீடமும் அரசரின் முதலெழுத்துகளும், சுற்றிலும் ஆங்கிலத்தில் மெடலின் பெயர். அந்த வட்ட எழுத்தை லென்ஸ் வைத்துப் படியுங்கள். பர்மா ஸ்டார் என்று இருந்தால் 1941 டிசம்பர் 11-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையில் அவர் கிழக்குப் போர்முனையில் இருந்தார் என்று பொருள். ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் 1940 ஜூன் முதல் 1943 மே வரையிலான ஆப்பிரிக்கப் போர். இத்தாலி ஸ்டார் என்றால் அதற்குப் பிந்தைய இத்தாலிப் போர். வெறும் 1939-45 என்று மட்டும் இருந்தால் போர்முனைக்குப் போனார் என்பது உறுதி, எந்த முனை என்பது தெரியாது. பர்மா என்று குடும்பத்தில் சொல்லிவந்து, மெடலில் ஆப்பிரிக்கா என்று இருந்தால் மெடலை நம்புங்கள். பிள்ளைகள் காதில் எல்லா வெளிநாடும் பர்மாவாக, ரங்கூனாக நின்றுவிடுவது உண்டு. இந்தியாவின் வரைபடம் பொறித்த வட்டமான மெடல் ஏதாவது கூடவே இருக்கிறதா என்றும் பாருங்கள். போர்முனைக்கு வெளியே 3 ஆண்டு பணியாற்றிய இந்தியப் படையினருக்குக் கொடுத்தது அது.

நட்சத்திர மெடலின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் அவரவர் விவரம் அங்கே பொறிக்கப்பட்டிருப்பது உண்டு. அதேபோல் 1947 சுதந்திர மெடலின் விளிம்பிலும், முதல் உலகப் போரின் வட்ட மெடல்களின் விளிம்பிலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். உங்கள் தாத்தா 1946-லேயே வந்துவிட்டதால் சுதந்திர மெடல் இருக்காது. இதைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் வீட்டு மெடலின் விளிம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரஷ், பாலிஷ் எதுவும் போடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும்.

போட்டோவில் முகத்தை விட்டுவிட்டுத் தோளையும் தலையையும் பாருங்கள். தோள்பட்டையின் ஓரத்தில் பித்தளையில் சில ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதுதான் படைப்பிரிவின் சுருக்கப் பெயர். போட்டோவை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் பல நேரங்களில் படிக்க முடியும். உருளை போல உயர்ந்து நிற்கும் தொப்பி என்றால் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது இன்றும் ‘தம்பிகள்’ என்று அழைக்கப்படும் பொறியாளர் படை. ஸ்டூடியோ முத்திரை அட்டையின் பின்பக்கம் இருந்தால் அதுவும் துப்புதான்: அந்த ஊரில் அன்று எந்தப் படையின் மையம் இருந்தது என்று பாருங்கள்.

படைப்பிரிவு தெரிந்தால் முகவரி தானாகக் கிடைத்துவிடும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸுக்கும் பயோனியர் கோருக்கும் பெங்களூரு. பயோனியர் என்பதைக் கூலிப்படை என்று குடும்பத்தில் தாழ்வாகப் பேசியிருந்தால் அதைக் காதில் வாங்காதீர்கள். பர்மா எல்லைக் காடுகளில் சாலை போட்டவர்களும் சீருடை அணிந்த, ராணுவ எண் உள்ள வீரர்கள்தான். பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ராணுவ மருத்துவப் படைக்கு லக்னோ, வாகனப் பழுது பார்க்கும் ஈ.எம்.ஈ.க்கும் தளவாடப் பிரிவான ஆர்ட்னன்ஸுக்கும் செகந்திராபாத்.

இப்போது கடிதம். இங்கேதான் நிறையப் பேர் தோற்றுப்போகிறார்கள். ‘என் தாத்தாவின் சர்வீஸ் ரெக்கார்ட் வேண்டும்’ என்று எழுதினால், ‘பென்ஷன் இல்லாதவரின் ஆவணங்கள் பணி முடிந்து 25 ஆண்டுகளுக்குப் பின் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன’ என்று ஒரு வரியில் பதில் வரும். அது பொய்யல்ல, விதி அப்படித்தான். ஆனால் லாங் ரோல் என்ற பெரிய பேரேடு அந்த அழிப்பில் சேராது. அதில் ஒவ்வொருவருக்கும் எண், பதவி, பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் போன்றவை சுருக்கமாக இருக்கும். எனவே ‘இந்த எண்ணுக்கு உரிய லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும், ஷீட் ரோல் என்ற தனிநபர் பணி ஆவணம் மிஞ்சியிருந்தால் அதன் நகலும் வேண்டும்’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், அவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் சான்று, போட்டோ நகல் ஆகியவற்றை இணையுங்கள். உங்கள் அம்மா உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்தில் அனுப்புவது நல்லது. பேரனைவிட மகளின் கோரிக்கைக்குக் கேள்வி குறைவு.

முதலில் சாதாரணக் கடிதமாக ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் அதே வாசகத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இணைய வழியிலும் மனு போடலாம்.

எண் கடைசிவரை கிடைக்காமல், படைப்பிரிவு மட்டும் தெரிந்தாலும் ஒரு வேலை செய்யலாம். அந்தப் பிரிவின் போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பர்மா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் போர்முனைக்கு டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசை. அவற்றில் சிப்பாயின் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது. ஆனால் எந்தத் தேதியில் எந்த ஆற்றைக் கடந்தார்கள், எங்கே பாலம் போட்டார்கள், மழையில் எத்தனை நாள் நின்றார்கள் என்பது நாள்வாரியாக இருக்கும். பட்டாலியன் அல்லது கம்பெனி எண் தெரிந்தால்தான் அது பயன்படும்.

போரில் இறந்தவரைத் தேடுகிறவர்களுக்கு வேலை எளிது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்களைக் காசில்லாமல் தேடலாம். பல பதிவுகளில் தகப்பன், மனைவி, ஊர் பெயர்களும் உண்டு. பர்மா போரில் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் சுமார் 27,000 ரங்கூன் நினைவுச்சின்னத்தில் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் பாட்டி வழி உறவினர்களிடம் கேட்டுவிடுங்கள்: தாத்தா ஊரிலிருந்து நேராகப் பட்டாளத்தில் சேர்ந்தாரா, மலேயாவிலோ பர்மாவிலோ வேலையில் இருந்தபோது சேர்ந்தாரா? இரண்டாவது என்றால் அது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமாக இருக்கக்கூடும். அப்படியானால் எந்த ரெக்கார்ட் ஆபீஸிலும் அவர் பெயர் இராது. டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகளையும், தியாகிகள் ஓய்வூதியத்துக்கு யாராவது மனு செய்திருந்தால் அந்தக் காகிதங்களையும்தான் பார்க்க வேண்டும். உங்கள் மெடல் நீங்கள் சொல்வதுபோல் பிரிட்டிஷ் நட்சத்திரம்தான் என்றால் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதனால் இன்றைக்கே லென்ஸை எடுத்து அந்த வட்ட எழுத்தைப் படித்துவிட்டு, மாமா வீட்டுக்குப் போன் செய்யுங்கள்.