ஐசிலினுக்கு மேயர் கிடையாது

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சிக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. எந்த ஊர் என்று கேட்டால் ஐசிலின் என்கிறேன். வீட்டு வரியோ உட்பிரிட்ஜ் டவுன்ஷிப் என்ற உள்ளாட்சிக்குப் போகிறது. அதற்கு மேலே மிடில்செக்ஸ் கவுண்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி. டவுன்ஷிப் என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? இன்னொன்று: இங்கே கையகல ஊருக்கும் தனி மேயர், தனி மன்றம். மக்களாட்சி மேல் இவர்களுக்கு இருக்கும் பற்று நம்மிடம் ஏன் இல்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

டவுன்ஷிப் என்றே எழுதுங்கள். நகரியம் என்றால் நெய்வேலிதான் ஞாபகத்துக்கு வரும்.

உங்கள் பக்கத்து ஊரான எடிசனில் மகள் வீட்டில் இருந்த மூன்று மாதமும் எனக்கும் இதே குழப்பம். சாயங்காலம் ஓக் ட்ரீ சாலையில் நடப்பேன். புடவைக் கடை, நகைக் கடை என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே போனால் எடிசன் எங்கே முடிந்தது, ஐசிலின் எங்கே தொடங்கியது என்று தெரியாது. ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டு மகளை அழைத்து, "எந்த ஊர்ல நிக்கிறேன்னே தெரியலம்மா" என்றேன். "ஊரை விடுங்கப்பா, எந்தக் கடை வாசல்?" என்றாள். அவள் கேட்டதுதான் சரி. ஐசிலினுக்கு மேயர் கிடையாது, மன்றம் கிடையாது. கொலோனியா, ஃபோர்ட்ஸ், அவனெல் போல அதுவும் உட்பிரிட்ஜுக்குள் இருக்கும் ஒரு பெயர். தபால் நிலையமும் மெட்ரோபார்க் ரயில் நிலையமும் இருக்கிறவரை அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வராது.

ஆனால் 'பற்று' என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. 1894-இல் நியூஜெர்சியில் பள்ளிச் சட்டம் மாறியது. டவுன்ஷிப் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம், செலவை எல்லாரும் சேர்ந்து சுமக்க வேண்டும். 'பரோ' என்று தனி மன்றமுள்ள ஊராகப் பிரிந்துபோனால் பள்ளியும் தனி, வரியும் தனி. பெர்கன் கவுண்டியில் மட்டும் அந்த ஒரே வருடத்தில் 26 பரோக்கள் முளைத்தன. இதிலே மக்களாட்சிப் பற்று எங்கே வந்தது? பக்கத்துத் தெருப் பிள்ளை உட்கார நான் ஏன் பெஞ்சு வாங்கித் தர வேண்டும் என்ற கணக்கு, தம்பி. பேர் பெற்ற பிரின்ஸ்டனும் அதே வருடம் அதே பள்ளி வரிச் சண்டையில் இரண்டானது. நடுவில் பரோ, சுற்றிலும் டவுன்ஷிப், உளுந்து வடையும் ஓட்டையும் மாதிரி. இரண்டையும் மறுபடி ஒட்டவைக்க 2013 ஆனது. டாவிஸ்டாக் என்ற ஊரின் கதை இன்னும் வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆடப் பக்கத்து ஊரில் தடை என்பதால் 1921-இல் தனி பரோ ஆக்கிக்கொண்டார்கள். 2020 கணக்கெடுப்பில் அங்கே 9 பேர். அதற்கும் ஒரு மேயர்!

நம்மிடம் பற்று இல்லை என்று எழுதுகிற நீங்கள், இந்தப் பதினொரு வருடத்தில் உட்பிரிட்ஜ் மன்றக் கூட்டத்துக்கு ஒரு தடவையாவது போனதுண்டா? போயிருந்தால் கடிதத்தில் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள். பொதுமக்கள் பேசவும் நேரம் ஒதுக்க வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. ஓட்டுரிமை இன்னும் வரவில்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். பேசுவதற்கு அது வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மகளிடமும் இதையே கேட்டேன். அவளும் போனதில்லை.