மாதாமாதம் தடவிப் பார்ப்பதில் பயன் உண்டா?

கேள்வி: எனக்கு 41 வயது. முகாமில் சொல்லிக்கொடுத்தபடி மார்பகச் சுயபரிசோதனை செய்துவருகிறேன். மாதவிலக்கு நெருங்கும்போது தொட்டால் இரண்டு பக்கமும் முண்டுமுண்டாகத் தட்டுப்படுகிறது, வலிக்கவும் செய்கிறது. அன்று இரவு தூக்கம் போய்விடும். பீரியட்ஸ் முடிந்தால் குறைகிறது. "இந்தப் பரிசோதனையால் பயனே இல்லையாம்" என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். தொடரலாமா டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்.

பதில்: முதலில் உங்கள் தூக்கத்துக்கு வழி பார்ப்போம். நீங்கள் பார்க்கும் நாள்தான் சரியில்லை. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் ஹார்மோன்களால் மார்பகத்தில் நீர் கோத்து வீங்கும், கனக்கும், முண்டுகள் தட்டுப்படும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்து, பீரியட்ஸ் முடிந்ததும் அடங்குவது பெரும்பாலும் இந்த வகைதான். மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி, ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே பாருங்கள். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம்.

மகள் சொன்னதும் காற்றில் வந்த பேச்சல்ல. சீனாவின் ஷாங்காய் நகரில் பஞ்சாலை, துணி ஆலைகளில் வேலை செய்த சுமார் 2.66 லட்சம் பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இந்தப் பரிசோதனையைச் சொல்லிக்கொடுத்துப் பத்தாண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் இரு பிரிவிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கற்றுக்கொண்ட பிரிவில் சாதாரணக் கட்டிகளுக்காக ஊசியும் கத்தியும் பட்டவர்கள்தான் அதிகம். அதனால்தான் மாதம் தவறாமல் செய்தே ஆகவேண்டும் என்று இப்போது பல மருத்துவ அமைப்புகள் வற்புறுத்துவதில்லை.

அப்புறம் நான் ஏன் தொடரச் சொல்கிறேன்? புற்றுநோயைத் தேடுவதற்காக அல்ல. உங்கள் மார்பகம் வழக்கமாக எப்படி இருக்கும் என்பது உங்கள் கைக்குப் பழகியிருந்தால், புதிதாக ஒன்று வந்ததும் தெரிந்துவிடும். நம் ஊரில் கட்டியைக் கையில் உணர்ந்த பிறகும், "வலிக்கவில்லையே, தானாகக் கரைந்துவிடும்" என்று மாதக்கணக்கில் ஒத்திப்போடும் பெண்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலியில்லை என்பதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செய்முறை எளிது. கண்ணாடி முன் கைகளைத் தொங்கவிட்டும், தலைக்கு மேல் தூக்கியும், இடுப்பில் ஊன்றியும் பாருங்கள். பிறகு படுத்து, பார்க்கும் பக்கத்துத் தோளுக்கடியில் தலையணை வைத்து, அந்தக் கையைத் தலைக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். மறுகையின் நடு மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து மேலும் கீழுமாகத் தடவ வேண்டும். நுனியால் கிள்ளினால் நல்ல சதையும் கட்டி போலத்தான் தெரியும். முதலில் லேசாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, கடைசியில் விலா எலும்பு தெரியும் அளவுக்கு. கழுத்தெலும்பு வரைக்கும் அக்குளையும் சேர்த்துப் பாருங்கள். பலர் விட்டுவிடும் இடம் அக்குள்.

ஒரு பக்கம் மட்டும், பீரியட்ஸ் முடிந்தும் கரையாத கட்டி, தோலில் குழி அல்லது ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, புதிதாக உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, அதில் ரத்தக் கசிவு, ஆறாத புண் - இதில் எது தெரிந்தாலும் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அதை நம்பி பயாப்ஸியைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் கை ஒன்றை மட்டும் நம்பியும் இருந்துவிடாதீர்கள். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்களைக் கொண்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெண்களின் மார்பகத்தைக் கையால் பரிசோதித்தபோது, நோய் முன்கூட்டியே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பும் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 30 வயதைக் கடந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். 41 வயதில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பற்றியும் கேளுங்கள். அம்மா, அக்கா, தங்கை, அத்தை யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள்; அப்பா வழியும் கணக்கில் வரும்.

இந்த முறை பீரியட்ஸ் முடிந்த பிறகும் ஒரே இடத்தில் ஏதாவது தட்டுப்பட்டால், அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் போய்க் காட்டிவிடுங்கள்.