கேட்காமல் வந்த கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம்

கேட்காமல் வந்த கார்டுக்கு வங்கி ஆண்டுக் கட்டணம் கேட்கிறது, கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்ட வேண்டாம். நீங்கள் கேட்காமலே காவேரிப்பட்டணம் வீட்டுக்கு வந்த கார்டு, உறையைக் கூடப் பிரிக்கவில்லை என்கிறீர்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, சம்மதமில்லாமல் கார்டு கொடுத்து பில் போட்டால் வங்கி அதை ரத்து செய்வதோடு, அந்தத் தொகையைப் போல இரு மடங்கு உங்களுக்குத் தர வேண்டும்.

கிருஷ்ணகிரியில் தவணைக்குச் செல்போன் வாங்கினீர்களே, அப்போது கடைக்காரரிடம் சொன்ன ஓடிபி சம்மதமாகப் பதிவாகியிருக்கலாம். என் தம்பிக்கு அப்படித்தான் ஆனது. விண்ணப்ப நகலையும் சம்மதம் பதிவான தேதியையும் வங்கியிடம் எழுத்தில் கேட்டு, கடை பில்லோடு ஒப்பிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், செலவில்லை.

கார்டை ஒரு முறை தேய்த்திருந்தாலும், கேட்காமல் வந்தது என்ற வாதம் நிற்பது கஷ்டம். அப்புறம், வசூல்காரர் "500 ரூபாய் மட்டும் போடுங்க" என்பார். தயவுசெய்து போடாதீர்கள், கடனை ஒப்புக்கொண்டதாக அதையே காட்டுவார்கள்.