சக தாதியரோடு கதைப்பதால் தொழில் படிக்க முடியுமா?

"வார்ட்டில் மிஸ்ஸிமார் கூடி நின்று கதைப்பது வெறும் வம்புதானே, அதில் படிக்க என்ன இருக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சிக் கல்லூரி முடித்துப் புதிதாக நியமனம் கிடைத்தவர் நீங்கள் என்றே நினைக்கிறேன். நான் மட்டக்களப்பில் வேலை செய்யும் தாதி. உங்கள் கேள்வி என்னைச் சுட்டது, அதனால் எழுதுகிறேன்.

வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் வெள்ளாமை வெட்டும் காலத்தில் புடையன் பாம்பு (கண்ணாடி விரியன்) கடித்து ஆட்கள் வருவார்கள். அந்த விஷம் இரத்தத்தை உறைய விடாது. ஒரு கண்ணாடி ட்யூபில் கொஞ்சம் இரத்தம் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று எடுப்போம். இதைப் பாடத்தில் எல்லோரும் எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறோம். ஆனால் ஒரு நைட் டியூட்டியில் பிளேன்டீ குடிக்கும்போது மூத்த அக்கா ஒருவர் தான் முன்பு கண்டதைச் சொன்னா. கழுவி எடுத்த ட்யூபில் இரத்தம் உறையவேயில்லையாம், புது ட்யூபில் திரும்பப் பார்த்தால் உறைந்துவிட்டதாம். "புள்ள, கண்ணாடி ட்யூப், புதுசு, காஞ்சது, மூண்டையும் பார். பிளாஸ்டிக்கிலயும் சவர்க்காரம் பட்டதுலயும் நல்ல இரத்தமும் உறையாமக் கிடக்கும். விஷம் ஏறிட்டு எண்டு நினைச்சிருவம்."

நினைத்தால் என்ன நடக்கும்? தேவையில்லாமல் விஷமுறி மருந்து ஏறும். அதற்கு ஒவ்வாமை வந்து பிரஷர் விழலாம். அந்த ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதை ஏற்றவே தொடங்குவோம்.

பிறகொரு நாள் வயலில் கடிபட்ட ஒரு தம்பிக்கு, புதிதாக வந்த தங்கச்சி பிளாஸ்டிக் ட்யூபை எடுத்தா. நான் கையைப் பிடித்து நிறுத்திக் கண்ணாடி ட்யூபைக் கொடுத்தேன். உறைந்தது. விஷமுறி ஏற்றாமல், திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்க டொக்டர் சொன்னார். அந்தத் தம்பி நடந்தே வீட்டுக்குப் போனார். இதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. ரவுண்ட் நேரம் பெரிய டொக்டருக்கு முன்னால் "ஏன் கண்ணாடி?" என்று கேட்க எந்தப் புதுப்பிள்ளைக்கு வாய் வரும்? அக்காவிடம் கேட்கலாம்.

உடனே சிலர் வருவார்கள், "காதால் கேட்டதை வைத்தா வைத்தியம்?" என்று. நான் அப்படிச் சொல்லவில்லை. கேட்டதைச் சிஸ்டரிடமோ வழிகாட்டியிலோ சரிபார்க்கத்தான் வேண்டும். "காய்ச்சல் விட்டால் டெங்கு முடிஞ்சுது" என்பதும் வார்ட்டில் காதில் விழுந்த கதைதான். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்க்கசிவு தொடங்கும், அப்போதுதான் கண்ணை எடுக்கக் கூடாது. நோயாளியின் பெயரைச் சொல்லி பஸ்ஸிலும் கன்டீனிலும் கதைப்பதையும் நான் நியாயப்படுத்தவில்லை.