பவர் கட்டர் பிளேடு: விலை கேட்கும் முன் எண்ணைப் பாருங்கள்

கேள்வி: வேலிக்குக் கல்லுக்கால் அறுக்கும் வேலை செய்கிறேன். 14 இஞ்ச் பெட்ரோல் பவர் கட்டர் இருக்கிறது. பழைய டைமண்ட் பிளேடு தேய்ந்ததால் புதிது வாங்கினேன். அதன் துளை ஷாஃப்டை விடப் பெரிதாக இருக்கிறது. கடைக்காரர் ஒரு வளையம் கொடுத்து, ‘இதைப் போட்டு ஓட்டுங்க’ என்றார். மாட்டி ஓட்டினால் மெஷின் உதறுகிறது. பிளேடில் குறையா, மாட்டியதில் குறையா? (பர்கூர் வாசகர்)

பதில்: வளையத்தின் மேல்தான் எங்கள் முதல் சந்தேகம். 14 இஞ்ச் பிளேடுகள் 20 மில்லிமீட்டர் துளையிலும் வருகின்றன, 25.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு இஞ்ச் துளையிலும் வருகின்றன. பெரிய துளையைச் சிறிய ஷாஃப்டில் பொருத்த வளையம் போடுவது தவறில்லை. ஆனால் அது மெஷின் கம்பெனியோ பிளேடு கம்பெனியோ அந்த அளவுக்கென்றே செய்த வளையமாக இருக்க வேண்டும். துளைக்குள் ஆட்டமில்லாமல் கையால் அழுத்தினால் உட்கார வேண்டும். அதன் கனம் பிளேடின் கனத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிளேடை இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் தட்டுகள் வளையத்தைத்தான் பிடிக்கும், பிளேடைப் பிடிக்காது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பிளேடு உள்ளே வழுக்கிக்கொண்டே இருக்கும். லேத்தில் கடைந்த வளையம், தகரம் சுற்றுவது, துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்குவது எதுவும் வேண்டாம். துளை ஒரு நூல் அளவு மையம் தவறினாலும் உதறல் போகாது.

வளையம் சரியென்றால், மாட்டும் முறையைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றுங்கள். பெல்ட் மூடியில் உள்ள ஓட்டையில் பூட்டுக் கம்பியைச் செருகி, ஷாஃப்ட் சிக்கி நிற்கும் வரை பிளேடை மெதுவாகச் சுற்றுங்கள். பிளேடின் பல் இடைவெளியில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நிறுத்தும் பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. அதனால் பிளேடின் இரும்புத் தட்டு வளைகிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவே உதறலுக்குப் போதும்.

நட்டு, வெளித்தட்டு, பழைய பிளேடு ஆகியவற்றைக் கழற்றிய பிறகு, பெரும்பாலோர் விட்டுவிடும் வேலை ஒன்று இருக்கிறது. உள்தட்டு, வெளித்தட்டு இரண்டின் முகத்தையும் துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். காய்ந்த கல் சேறு அங்கே ஒட்டியிருக்கும். தட்டின் விட்டம் 100 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதன் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் சேறு பிளேடைச் சாய்த்துப் பிடித்தால், 14 இஞ்ச் பிளேடின் விளிம்பில் அது ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் ஆட்டமாகிவிடும். பிளேடு மேல் பழி போடும் முன் இதைப் பாருங்கள். தட்டில் ஆழமான கீறலோ வளைவோ இருந்தால் தட்டையே மாற்றுங்கள். இரு தட்டுகளும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று தொலைந்தது என்று கையில் கிடைத்த வாஷரைப் போடக் கூடாது.

பிளேடில் உள்ள அம்புக்குறி, மெஷின் மூடியில் உள்ள அம்புக்குறி இரண்டும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். பாதி தேய்ந்த பிளேடில் அம்பு அழிந்திருந்தால் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வைரத் துணுக்குக்கும் பின்னால் வால் போல உலோகம் நின்று தாங்கும். வால் பின்பக்கம் வருவதே சரியான திசை. திருப்பி மாட்டினால் அந்தத் தாங்கல் இல்லாமல் வைரம் கழன்று உதிரும்.

பிளேடு ஷாஃப்டின் வழவழப்பான பகுதியில் உட்கார்ந்திருக்கிறதா, மரையின் மேல் ஏறி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நட்டைப் போடுங்கள். இந்த வகை மெஷின்களுக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு சொல்லப்படுகிறது. 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 13 முதல் 15 கிலோ இழுப்புக்குச் சமம் அது. ஸ்பேனரில் பைப் மாட்டி முறுக்க வேண்டாம். பூட்டுக் கம்பியை எடுத்துவிட்டு, பிளேடைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பிறகு ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, பிளேடின் நேர்க்கோட்டில் நீங்களும் நிற்காமல், கல்லில் வைக்காமல் ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். இத்தனைக்குப் பிறகும் உதறினால் பிளேடில் குறை என்று தைரியமாகக் கடைக்குக் கொண்டுபோகலாம்.

கேள்வி: பட்டறையில் இரும்பு அறுக்கும் கரண்ட் கட்டிங் மெஷினுக்கு வாங்கிய 14 இஞ்ச் வீல் நிறைய இருக்கிறது. துளையும் ஒன்றுதான். அதைப் பெட்ரோல் கட்டரில் போட்டால் என்ன? (தருமபுரி வாசகர்)

பதில்: போடவே கூடாது. அளவும் துளையும் பொருந்தும், வேகம் பொருந்தாது. மேசையில் வைத்து இரும்பு அறுக்கும் மெஷின் 3,500 முதல் 3,900 ஆர்பிஎம் வரை சுற்றும். அதற்கான வீலில் பெரும்பாலும் விளிம்பு வேகம் விநாடிக்கு 80 மீட்டர் என்று இருக்கும். 14 இஞ்ச் விட்டத்தில் அது சுமார் 4,365 ஆர்பிஎம். பெட்ரோல் கட்டரின் ஷாஃப்ட் பல மாடல்களில் 4,700-ஐயும் தாண்டும். அதற்கு விநாடிக்கு 100 மீட்டர் என்று போட்ட வீல் வேண்டும். 14 இஞ்சில் அது சுமார் 5,455 ஆர்பிஎம். வேகம் கூடக் கூட வீலைப் பிய்க்கும் விசை அதன் வர்க்கத்தில் ஏறும். ஒன்றே கால் மடங்கு வேகத்துக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் விசை. வெடித்த வீலின் துண்டு மூடியையும் தாண்டி வரும்.

மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஷாஃப்ட் வேகம் எழுதியிருக்கும். வீலில் உள்ள எண் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். எண்ணே இல்லாத வீலைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். மரம் அறுக்கும் பல் பிளேடையும் இந்த மெஷினில் மாட்டக் கூடாது.

கேள்வி: கிரானைட் அறுக்கப் புது டைமண்ட் பிளேடு வாங்கினேன். முதல் நாள் நன்றாக வெட்டியது. மறுநாள் கல்லின் மேல் வழுக்குகிறது, பொறி பறக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: போலிச் சரக்காக இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் கல்லுக்கும் பிளேடுக்கும் பொருத்தமில்லாததே காரணம். வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் தேயத் தேயத்தான் புது வைரம் வெளியே வரும். நம் ஊர் கருங்கல் போன்ற கடினக் கல்லுக்கு உலோகம் மென்மையானதாக இருக்க வேண்டும். புதுக் கான்கிரீட், தார் ரோடு, மணற்கல் போன்றவை தாமே உலோகத்தைத் தேய்க்கும். ஆகவே அவற்றுக்குக் கடின உலோகம். கடைகளில் இந்த இரண்டாம் வகையை ‘எல்லாத்துக்கும் ஆகும்’ என்று கொடுத்துவிடுகிறார்கள். கிரானைட்டில் அதன் வைரம் மழுங்கி, மேல்பரப்பு கண்ணாடி போல ஆகிவிடும். மணல் அதிகமுள்ள சிமெண்ட் கல்லிலோ பழைய சாணைக்கல்லிலோ ஆழமில்லாமல் ஏழெட்டு வெட்டு போடுங்கள், கூர் திரும்பும். மறுபடி மறுபடி மழுங்கினால் அது கிரானைட்டுக்கான பிளேடு இல்லை. அடுத்த முறை ‘கிரானைட் வெட்ட’ என்று சொல்லிக் கேளுங்கள், பில்லிலும் அப்படியே எழுதி வாங்குங்கள்.

தண்ணீர் விட்டு அறுங்கள். நிமிடத்துக்கு அரை லிட்டராவது வேண்டும். பல்லை வெறும் பற்றவைப்பில் ஒட்டிய மலிவான பிளேடு தண்ணீரில்லாமல் சூடானால் பல் கழன்று பறக்கும். லேசர் வெல்டிங் செய்தவை மட்டுமே உலர வெட்டத் தாங்கும். அதைவிடப் பெரிய காரணம் தூசி. கிரானைட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், வந்த நோயைக் குணப்படுத்த வழியில்லை. கழுத்தில் கட்டிய துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது.

கேள்வி: கடையில் இரும்பு அறுக்கும் பழைய ஸ்டாக் வீல் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: இரும்பு அறுக்கும் வீல் ரெசின் என்ற பிசினால் ஒட்டிச் செய்தது, அது ஈரத்தையும் காலத்தையும் தாங்காது. நடுவில் உள்ள தகர வளையத்தில் மாதமும் ஆண்டும் அச்சடித்திருக்கும். ஐரோப்பியத் தரப்படி செய்தவற்றில் அது காலாவதி நாள், தயாரித்ததிலிருந்து 3 ஆண்டு. தேதி கடந்ததையும், ஓரம் உடைந்ததையும், நனைந்ததையும் விட்டுவிடுங்கள். டைமண்ட் பிளேடுக்கு இந்தக் காலாவதி பொருந்தாது.

கேள்வி: பிளேடின் பல் இரண்டே நாளில் கழன்றது. கடையில் ‘கட்டிங் ஐட்டத்துக்குக் கேரண்டி இல்லை’ என்கிறார்கள். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் நீதிமன்றமும் போக முடியாதாமே? (ஜெகதேவி வாசகர்)

பதில்: முடியும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குவதை விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரை நுகர்வோராகவே கருதுகிறது. தேய்மானத்துக்குக் கேரண்டி இல்லை என்பது சரி. பல் கழல்வது தேய்மானம் இல்லை. பில்லும் அட்டையும் இருந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் கொடுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் எதிர்த்தரப்பு பிளேடைப் பார்க்கும். பிளேடின் இரும்புத் தட்டில் நீலம் பாய்ந்திருந்தால் தண்ணீரில்லாமல் சூடேற்றினீர்கள் என்பார்கள். துளை முட்டை வடிவமாகியிருந்தால் நட்டு தளர்ந்து ஓடியது என்பார்கள். இரண்டும் இல்லாமல் பல் மட்டும் கழன்றிருந்தால் உங்கள் பக்கம் பலம். அதனால் அந்தப் பிளேடை மறுபடி மாட்டாதீர்கள். கழன்ற பல்லோடு படமெடுத்து, அப்படியே எடுத்து வையுங்கள்.