பொதுக்கூடத்து வெப்பமூட்டலைத் தொலைவிலிருந்து இயக்குவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கூடங்களின் வெப்பமூட்டும் அமைப்பைத் தொலைவிலிருந்து இயக்குவது பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை எந்தச் செயலி நல்லது என்றே தொடங்குகின்றன. செயலியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பாய்லர் எந்தக் கம்பி வழியாக ஆணை பெறுகிறது, கூடத்துக்கு யார் எப்போது வருகிறார்கள், இணைப்பு அறுந்துபோனால் என்ன ஆகும் என்பவை தெளிவாகிவிட்டால் வாங்க வேண்டிய பொருள் எது என்பதும் முடிவாகிவிடும். பெரும்பாலும் அது நிர்வாகக் குழு அஞ்சியதைவிட மலிவாகவே இருக்கும்.

கேள்வி: எங்கள் சமூகக்கூடத்தில் எரிவாயு பாய்லரும் வெந்நீர் ரேடியேட்டர்களும் உள்ளன. சுவரில் திருகும் வகைப் பழைய தெர்மோஸ்டாட் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றப் பணம் இல்லை. இருப்பதை வைத்தே கைப்பேசியிலிருந்து இயக்க முடியுமா?

முடியும். அந்தத் திருகு தெர்மோஸ்டாட் குளிர்ந்தால் இரண்டு கம்பிகளை இணைக்கிறது, சூடேறினால் பிரிக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. வைஃபை வழியே ஆணை பெற்றுக் கம்பிகளைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சான ரிலே ஒன்றும் இதைச் செய்யும். ஆனால் எந்த ரிலே என்பது அந்தக் கம்பிகளில் என்ன ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. சில பாய்லர்களில் 230 வோல்ட் மின்சாரமே தெர்மோஸ்டாட் வரை வந்து திரும்பும். சிலவற்றில் 24 வோல்ட் போன்ற தாழ் மின்னழுத்தம் மட்டுமே இருக்கும். இன்னும் சிலவற்றில் ஓபன்தெர்ம் எனப்படும் இரு கம்பி எண்முறைத் தொடர்பு இருக்கும், அதன் வழியே தண்ணீர் எவ்வளவு சூடாக வேண்டும் என்பதையும் பாய்லருக்குச் சொல்லலாம். பாய்லரின் நிறுவல் கையேட்டில் உள்ள மின்சுற்றுப் படத்தைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

தாழ் மின்னழுத்தச் சுற்றாக இருந்தால், தன் மின்சாரத்தை வெளியே தள்ளாமல் இரு முனைகளை வெறுமனே சேர்த்துப் பிரிக்கும் ரிலேதான் வேண்டும். பெயர் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் இங்கே பலர் ஏமாறுகிறார்கள். எடுத்துக்காட்டாக, ஷெல்லி 1 என்ற ரிலேயில் அப்படிப்பட்ட தனித்த முனைகள் உண்டு; மின் செலவை அளக்கும் 1பிஎம் வகையில் இல்லை. பின்னதை 24 வோல்ட் சுற்றில் இணைத்தால் பாய்லரின் மின்சுற்றுப் பலகை எரிந்துபோகலாம்.

அடுத்து, ரிலேயை எங்கே சேர்ப்பது என்ற கேள்வி. பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள் என்பதே என் பரிந்துரை. ரிலேயை அதனுடன் பக்க இணைப்பில் சேர்த்தால் இரண்டில் எது மூடினாலும், அதாவது கம்பிகளை இணைத்தாலும், பாய்லர் எரியும். ரிலே மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் கூடம் இரவெல்லாம் வெந்துகொண்டிருக்கும். தொடரிணைப்பில் சேர்த்தாலோ இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் பாய்லர் எரியும்: எப்போது என்பதை ரிலே முடிவு செய்யும், எவ்வளவு என்பதைத் தெர்மோஸ்டாட் முடிவு செய்யும். ரிலே சிக்கினாலும், நீங்கள் 20 டிகிரியில் வைத்திருந்தால் வெப்பநிலை அங்கேயே நின்றுவிடும். இதில் உள்ள ஒரே குறை, ரிலே செயலிழந்தால் கூடம் குளிர்ந்தே கிடக்கும் என்பது. அதற்கு, பூட்டிய பெட்டிக்குள் ரிலேயைச் சுற்றிச் செல்லும் ஒரு சாதாரண சுவிட்சைப் பொருத்திவிட்டு, அதன் சாவி எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்காவது சொல்லிவையுங்கள்.

ரிலேக்குள்ளேயே தானாக அணையும் நேரத்தையும் அமைத்துவிடுங்கள். நான்கு மணி நேரம் என்று வைத்தால், யாரோ கைப்பேசியில் அழுத்திவிட்டு மறந்தாலும், அதற்குப் பின் இணையமே போனாலும், நான்கு மணி நேரத்தில் அது அணைந்துவிடும். இணைப்பு வேலையை உரிய தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்; பொதுக் கட்டடம் என்பதால் காப்பீடும் அதைத்தான் எதிர்பார்க்கும்.

கேள்வி: கூடத்தில் இணைய இணைப்பே இல்லை. மாதச் சந்தா கட்டவும் மனமில்லை. என்ன செய்யலாம்?

பக்கத்துக் கட்டடத்தின் வைஃபை எட்டுமா என்று முதலில் பாருங்கள். உரியவரின் சம்மதத்துடன் அதைப் பகிர்ந்துகொள்வதைவிட மலிவான வழி வேறில்லை. இல்லையென்றால் சிம் பொருத்தும் 4ஜி ரூட்டர் ஒன்று போதும். ரிலேயும் சில வெப்ப உணரிகளும் பயன்படுத்தும் தரவு மிகச் சொற்பம் என்பதால், ஆகக் குறைந்த திட்டமே தாராளம். முன்பணச் சிம் என்றால் நெடுநாள் பணம் போடாமல் விட்டால் காலாவதியாகிவிடும். அந்தத் தேதியை யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக் குறித்துவைக்க வேண்டும்.

கைப்பேசி வலைப்பின்னல்களில் பெரும்பாலும் உங்களுக்கென்று இணையத்தில் தனிப் பொது முகவரி கிடைக்காது. ஆகவே வெளியிலிருந்து ரூட்டரை நேரடியாக அழைக்கும் திட்டங்கள் வேலை செய்யாது. கருவி தானாக வெளியே சென்று ஒரு சேவையகத்தைத் தொடும் ஏற்பாடோ, டெயில்ஸ்கேல் போன்ற தனிப்பட்ட வலையமைப்போ வேண்டும். குறுஞ்செய்தியால் இயங்கும் பழைய வகைக் கட்டுப்படுத்திகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல 2ஜியை நம்பியவை, பல நாடுகளில் 2ஜியும் 3ஜியும் மூடப்பட்டு வருகின்றன. 4ஜி என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ரூட்டர் எப்போதாவது உறைந்து நிற்கும். அதை ஒரு சாதாரண நேரக் கடிகார சாக்கெட்டில் மாட்டி, நாள்தோறும் விடியற்காலையில் சில நிமிடங்கள் அணைந்து எரியுமாறு வைத்தால், அதற்காக யாரும் குளிரில் கூடம்வரை நடக்க வேண்டியிராது.

கேள்வி: நிகழ்ச்சிக்கு எவ்வளவு நேரம் முன்பு இயக்க வேண்டும்? எப்போதும் மிதமாக எரியவிட்டால் செலவு குறைவு என்கிறார் குழு உறுப்பினர் ஒருவர்.

அந்த உறுப்பினர் சொல்வது வாரத்தில் சில மணி நேரம் மட்டும் பயன்படும் கூடத்துக்குப் பொருந்தாது. கட்டடம் இழக்கும் வெப்பம், உள்ளேயும் வெளியேயும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ நேர்விகிதமானது. வெளியே 5 டிகிரியும் உள்ளே 20 டிகிரியும் இருந்தால் வேறுபாடு 15. உள்ளே 10 டிகிரிக்கு இறங்கிவிட்டால் வேறுபாடு 5, இழப்பு மூன்றில் ஒரு பங்கு. வாரத்தின் 168 மணி நேரத்தில் 30 மணி நேரம் மட்டுமே ஆள் இருக்கும் கூடத்தில், மீதி 138 மணி நேரமும் இந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே ஓடும். வெளியிலுள்ள சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுத்துவரும் வெப்ப பம்பு உள்ள கட்டடம் இதற்கு விலக்கு. அது மிதமான சூட்டில் மெதுவாக வேலை செய்யும்போதுதான் சிக்கனமாக இருக்கும். வெப்பநிலையை ஆழமாக இறக்கிவிட்டு அவசரமாக ஏற்றச் சொன்னால் துணை மின் ஹீட்டர் எரியத் தொடங்கிச் சேமித்ததைத் தின்றுவிடும். அங்கே சில டிகிரி மட்டும் இறக்குங்கள்.

முன்கூட்டிய நேரத்தை ஊகிக்கத் தேவையில்லை, அளந்துவிடலாம். நல்ல குளிர் நாளொன்றில் பாய்லரை இயக்கி, கால் மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். 9 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்கு மூன்று மணி நேரம் ஆனால், உங்கள் கூடம் மணிக்கு 3 டிகிரி ஏறுகிறது. அன்று காலை உள்ளே 12 டிகிரி இருந்தால் இரண்டு மணி நேரம் போதும். தடித்த கல், செங்கல் சுவர்கள் உள்ள கூடத்தில் இதற்கு மேல் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே காற்று விரைவில் சூடாகிவிடும், சுவர் ஆகாது. உடல் உணர்வது இரண்டின் சராசரியை என்பதால், அளவி 19 காட்டினாலும் வந்தவர்கள் மேலாடையைக் கழற்ற மாட்டார்கள்.

தொலைவிலிருந்து யாராவது ஒருவர் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பொத்தானை அழுத்துவது என்ற ஏற்பாடு முதல் விடுமுறையிலேயே குலைந்துவிடும். முன்பதிவு நாட்காட்டியே பாய்லரை இயக்கட்டும். ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள், ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் இருந்துகொண்டு இணைய நாட்காட்டியைப் படித்து, நிகழ்ச்சிக்குக் குறிப்பிட்ட நேரம் முன்பே ரிலேயை மூடும். நிகழ்ச்சி முடிய அரை மணி இருக்கும்போதே திறந்து பாய்லரை நிறுத்தியும்விடும், மிச்ச நேரத்துக்கு ரேடியேட்டரில் உள்ள சூடு போதும். நிகழ்ச்சி ரத்தாகும்போதும் திடீரென்று யாராவது கேட்கும்போதும் மட்டும் கைப்பேசியை எடுத்தால் போதும்.

கேள்வி: வருபவர்கள் தெர்மோஸ்டாட்டை 30க்குத் திருகிவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள்.

30க்குத் திருகினால் கூடம் விரைவில் சூடாகும் என்று நினைக்கிறார்கள். இயக்கி நிறுத்தும் வகை தெர்மோஸ்டாட்டில் அது நடக்காது. அதே வேகத்தில்தான் ஏறும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காமல் மேலே போகும். அறிவிப்புப் பலகை எழுதி ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்குப் பதிலாக, ஒருமுறை அழுத்தினால் ஒரு மணி நேரம் கூடுதலாக எரியவைக்கும் பொத்தான் ஒன்றை அனைவரும் காணும் இடத்தில் வைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டைப் பூட்டும் உறைக்குள் கொண்டுபோய்விடுங்கள். கையில் ஒன்றுமே இல்லாதவர்கள் உறையை உடைப்பார்கள். பொத்தான் இருந்தால் பெரும்பாலும் உடைக்க மாட்டார்கள்.

வெப்ப உணரி இருக்கும் இடத்தையும் பாருங்கள். தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில், உட்சுவரில், வெயிலும் கதவுக் காற்றும் ரேடியேட்டர் சூடும் நேரே படாத இடத்தில் அது இருக்க வேண்டும். வாசலுக்கு எதிரே இருந்தால், கதவு திறக்கும்போதெல்லாம் கூடம் குளிர்ந்துவிட்டதாக அது பாய்லரிடம் புகார் சொல்லிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: நகர்த்தக்கூடிய மின் ஹீட்டர்களை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி இயக்கலாமா?

வேண்டாம். 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். மலிவான பிளக்குகள் அந்தச் சுமையை மணிக்கணக்கில் தாங்காமல் உருகக்கூடும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஆளில்லாத கூடத்தில் யாரோ அதன்மேல் திரைச்சீலையையோ நாற்காலி உறையையோ போட்டுவிட்டுப் போயிருப்பதை நீங்கள் தொலைவிலிருந்து பார்க்க முடியாது. சுவரிலோ கூரையிலோ நிலையாகப் பொருத்திய ஹீட்டர்களை, அவற்றின் சுமைக்கேற்ற கான்டாக்டர் (அதிகச் சுமை தாங்கும் மின் சுவிட்ச்) ஒன்றின் வழியே இயக்கலாம்; ரிலே அந்தக் கான்டாக்டரை மட்டும் தூண்டட்டும்.

கேள்வி: குளிர்கால விடுமுறையில் இரண்டு வாரம் கூடம் மூடியிருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிடலாமா?

குழாய்களில் தண்ணீர் இருக்கும்வரை கூடாது. உறைபனிப் பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு சிறு தெர்மோஸ்டாட்டை 5 டிகிரி அளவில் அமைத்து, முன்பு சொன்ன ரிலே, தெர்மோஸ்டாட் இரண்டுக்கும் வெளியே பக்க இணைப்பில் சேருங்கள். அது இணையத்தையோ கணினியையோ யாருடைய நினைவையோ நம்பியிருக்கக் கூடாது. தொலைவிலிருந்து கண்காணிக்க, கட்டடத்தின் ஆகக் குளிர்ந்த குழாயில் டிஎஸ்18பி20 என்ற வெப்ப உணரி ஒன்றைக் கட்டிவையுங்கள். விலை மிகக் குறைவு, இந்த வேலைக்கு அரை டிகிரித் துல்லியம் தாராளம். வெப்பநிலை இறங்கினால் இரண்டு பேருக்காவது செய்தி போக வேண்டும். உணரியிலிருந்து சில மணி நேரம் தகவலே வராவிட்டாலும் செய்தி போக வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். மின்தடை வந்தால் பாய்லரும் நிற்கும், எச்சரிக்க வேண்டிய கணினியும் சேர்ந்தே நிற்கும். அந்த மௌனத்தைக் கவனிக்கும் ஏற்பாடு ஆகவே கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

சுவரில் ஈரம் படிவதையும் கவனியுங்கள். 20 டிகிரியில் 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று, 9 டிகிரிக்குக் கீழே உள்ள பரப்பைத் தொட்டால் நீராகப் படியத் தொடங்கும். குளிர்ந்து கிடந்த கூடத்தைப் புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரால் சூடேற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உள்ளேயே தங்கும். வெந்நீர்த் தொட்டி இருந்தால், லெஜியோனெல்லா கிருமி 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் பெருகும் என்பதால், சிக்கனம் கருதித் தொட்டியை அந்த அளவில் வைக்காதீர்கள். பயன்பாட்டில் உள்ள தொட்டி 60 டிகிரியில் இருக்கட்டும்.

கேள்வி: ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் ஸ்மார்ட் வால்வு பொருத்தினால் என்ன?

அறைகள் தனித்தனியாக வாடகைக்குப் போகிறதென்றால் பயன் உண்டு. ஒரே பெரிய கூடமென்றால் வீண் செலவு. பொருத்துவதானால் எல்லா வால்வுகளும் ஒருசேர மூடிக்கொள்ளும்போது தண்ணீர் சுற்றிவர ஒரு வழி வேண்டும்: தானியங்கி மாற்றுவழி வால்வு இல்லையென்றால் ஒரு ரேடியேட்டரையாவது திறந்தே விடுங்கள். மின்கலங்களை மாற்றுவது யார் வேலை என்பதையும் வாங்குவதற்கு முன்பே தீர்மானியுங்கள்.

கேள்வி: கடவுச்சொல் யாரிடம் இருக்க வேண்டும்? நிறுவனம் சேவையை நிறுத்தினால்?

கணக்கை உறுப்பினர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். அவர் பொறுப்பிலிருந்து விலகும் நாளில் பாய்லரும் அவருடனேயே போய்விடும். குழுவுக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி, அதில் இரு படிச் சரிபார்ப்பு, பயனர் ஒவ்வொருவருக்கும் தனி உரிமை, ஆள் மாறும்போது அந்த உரிமையை நீக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேவை நின்றுபோவது கற்பனையான அச்சம் அன்று. நெஸ்ட் தெர்மோஸ்டாட்டின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கான ஆதரவைக் கூகுள் 2025 அக்டோபர் 25 அன்று முடித்துக்கொண்டது. சுவரில் அவை தொடர்ந்து வேலை செய்கின்றன, செயலியிலிருந்து இயக்குவது மட்டும் முடியாமல் போயிற்று. ஆகவே வாங்கும்போதே, நிறுவனத்தின் சேவையகம் இல்லாமல் உள்ளூர் வலையிலேயே கட்டளை ஏற்கும் கருவியா என்று கேளுங்கள். கேட்டு வாங்கியபின், ரூட்டரின் இணையத்தை ஒரு நாள் துண்டித்துவிட்டு, நாட்காட்டியில் ஏற்கெனவே பதிந்துள்ள நிகழ்ச்சிக்கு பாய்லர் எரிகிறதா என்று நேரில் சென்று சோதித்துப் பாருங்கள்.